யார் அனுப்பிய வண்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் டேப்லெட்டோடு ஒரு கல்லூரிப் பெண் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். வெளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறாளாம். எட்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். வாரத்துக்கு ஒரு நாள் துணி துவைக்கிற நேரத்தில் வந்து அரசியல் கேட்டால் யார் திறப்பார்கள்? நான்தான் பனியனோடு வெளியே நின்று மாட்டிக்கொண்டேன். தலைவருக்காகவா, கொள்கைக்காகவா, குடும்ப வழக்கமா, சாதியா, நலத்திட்டமா, ஏதாவது ஒன்றைத் தொடுங்கள் அண்ணா என்றாள். நான் ‘மற்றவை’ என்பதைத் தொட்டேன். காரணம் எழுதுவதற்கு அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் திறந்தது. எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிவியில் விவாதம் நடத்துகிறவர்கள் எங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ‘தென்மாவட்டத்து இளைஞர்கள்’ என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். அந்த மூட்டையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் லைன் வீட்டில் எட்டு வீடுகள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எட்டு அறை, ஒரு மோட்டார், இரண்டு கக்கூஸ். இந்த எட்டு அறைக்குள் மூன்று கட்சி இருக்கிறது. முதல் அறையில் ராமநாதபுரத்துப் பையன்கள். அவர்களில் ஒருவனுக்கு பிரஸ் மெஷினில் விரல் போனபோது, அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை ஒரு தொழிற்சங்கக்காரர் மூன்று நாள் கேட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சங்கம் எந்தக் கட்சியோ அதுதான் அன்றிலிருந்து அவர்கள் கட்சி. மூன்றாவது அறையில் விழுப்புரத்துப் புருஷன் பெண்டாட்டி. அவர்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தவர் வேறு கட்சி. மாடியில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர். அவர்களிடம் ஓட்டுக் கேட்டு யாரும் மாடி ஏறுவதில்லை. மோட்டார் ரிப்பேரானால் மட்டும் முதலில் அவர்களைத்தான் திட்டுவார்கள்.

எங்கள் அறையில் அப்போது மூன்று பேர். நான், சிவகாசிப் பக்கத்துக்காரன் ஒருவன், பிறகு அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருதான், பெரியப்பா மகன் முறை. எனக்கு மூன்று வயது மூத்தவர். என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியவுடன் எந்த ஷேர் ஆட்டோவில் ஏறக் கூடாது என்று சொல்லித் தந்ததும் அவர்தான். கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகக் கதவுகளுக்கு ரப்பர் பொருத்துகிற வேலை. ஒரு ஷிப்ட் முழுக்கக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அவருடைய கட்டை விரல் தட்டையாகிப் போயிருந்தது. ரசம் நன்றாக வைப்பார். யூனிபார்மை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்து, அதுதான் இஸ்திரி என்பார். அரசியல் பேச்சு எடுத்தால் தூங்கிப்போவார்.

ஆனால் தேர்தல் வந்தால் தவறாமல் ஊருக்குப் போவார். எல்லாம் அவருடைய அப்பா, என் பெரியப்பாவுக்காக. எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, ஒரு கட்சி. அந்தப் பக்கம் இன்னொரு தெரு, இன்னொரு கட்சி. இதற்குக் காரணத்தைக் கட்டத்துக்குள் எழுதச் சொன்னால் நான் எங்கே போவேன். அவர்கள் கொடியை அவர்கள் ஏற்றினார்கள், அதனால் எங்கள் கொடியை நாங்கள் ஏற்றினோம் என்றுதான் எழுத வேண்டும். பெரியப்பா எங்கள் தெருவின் கிளைச் செயலாளர். நாற்பது வருஷமாகக் கரை வேட்டி. போஸ்டர் ஒட்டியிருக்கிறார், மாநாட்டுக்கு லாரியில் நின்றுகொண்டே போயிருக்கிறார், ஓடைக்கரையில் அடி வாங்கியிருக்கிறார். கட்சி அவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் தெருவே சிரிக்கும். ஒரு தையல் மெஷினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியம்மா சாகும்வரை காத்திருந்தார். அதைச் சொல்லி யாராவது கேலி செய்தால், நமக்கு ஒன்னுன்னா கட்சி வரும் என்று மட்டும் சொல்வார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பால் வாங்க ரோட்டைக் கடந்த அண்ணன் மேல் டிரெய்லர் ஏறியது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகிற டிரெய்லர். அந்தக் கார்களில் ஒன்றிரண்டிலாவது அவர் பொருத்திய ரப்பர் இருந்திருக்கும். இதை நினைக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை முடிவெடுத்திருக்கிறேன், முடிந்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே நானும் சிவகாசிக்காரனும் நின்றோம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தாள் வந்தால்தான் போஸ்ட்மார்ட்டம். நான்கு மணிக்குள் தாள் வராவிட்டால் நாளைக்குத்தான். அன்றைக்கு ஸ்டேஷனில் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். சூப்பர்வைசருக்குப் போன் செய்தால் ஆள் சப்ளை செய்த காண்ட்ராக்டரிடம் பேசச் சொன்னார். காண்ட்ராக்டர் போன் அணைந்திருந்தது. ஊரிலிருந்து பெரியப்பா அரை மணிக்கொரு தடவை கூப்பிட்டார். அழவில்லை. ஒன்றியச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன், அவர் அங்கே நம்ம ஆளுகளிடம் பேசிவிட்டார், இப்போது வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். இந்தப் பகுதிக் கட்சி ஆளுடைய நம்பரையும் எப்படியோ வாங்கி எனக்கு அனுப்பினார்.

அந்த நம்பருக்குப் பேசினேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், குரலில் வருத்தம் இருந்தது. ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. உங்க ஓட்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஊரில் என்றேன். பிறகு, உங்கள் ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டத்திலிருந்து எனக்குப் பேசச் சொல்லுங்கள், நான் ஆளை அனுப்புகிறேன் என்றார். நான் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை அதையே திரும்பச் சொன்னார், இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு மேல் எங்கள் லைன் வீட்டுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வந்தார். வீட்டு ஓனர் சொல்லி வந்திருக்கிறார். உள்ளூர்க்காரர். அப்பா காலத்து நிலமெல்லாம் சிப்காட்டுக்குப் போய், அதில் வந்ததை வைத்து இரண்டு லாரி வாங்கியவர். எங்களைத் ‘தெக்கத்திப் பசங்க’ என்றுதான் கூப்பிடுவார். எங்களால்தான் கிணறெல்லாம் வற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு எங்களுக்கே தண்ணீர் விற்பவர். அவர் சட்டைப் பையில் தெரிந்த தலைவர் படம், எங்கள் ஊரில் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கட்சி. நான் எழுந்து நின்று, எங்கள் ஓட்டு இங்கே இல்லை என்று நானாகவே முதலில் சொன்னேன். ஏற்கெனவே ஒரு தடவை பட்ட அடி, மறுபடி எதற்கு என்று.

“ஓட்டு எங்க கீதுன்னு நான் கேட்டனா? செத்தவன் இங்கதான செத்தான். நட ஸ்டேஷனுக்கு,” என்றார்.

அவர் என்னென்ன செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் வரிசையாகச் சொல்லத் தெரியும். ஸ்டேஷனில் ஒரு ஏட்டைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி எழுத வைத்தார். அந்தத் தாளோடு தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். ரத்த சொந்தம் யாரும் இல்லாமல் உடலைத் தர முடியாது என்றபோது, என் போனில் எங்கள் ஊர்த் தலைவரையும் பெரியப்பாவையும் வீடியோ காலில் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேச வைத்து, எங்களிடம் கடிதம் எழுதி வாங்கி, சாட்சிக் கையெழுத்தைத் தானே போட்டார். நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அவர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. ஐஸ் பெட்டி வைத்த வேன் ஒன்றையும் அவரே பிடித்தார். என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு, போய்யா என்றார்.

புண்ணியவான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அரசியல்காரரும்தான். வேன் கிளம்புவதற்குள் ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லி ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஓரத்தில் கம்பெனி ஐடி கார்டிலிருந்து எடுத்த அண்ணன் முகம், தபால்தலை அளவில். நடுவில் கும்பிட்டபடி இவர். மேலே தலைவர்கள், கட்சிக் கொடி. அதை வேன் முகப்பில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. கட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“ஊருக்குப் போயி யாரு அனுப்புனாங்கன்னு மட்டும் சொல்லு. எனுக்கு வேற இன்னா வேணும்,” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரிண்ணே என்றேன்.

விடிகிற நேரத்தில் மதுரை தாண்டி ஒரு டீக்கடையில் டிரைவர் நிறுத்தினார். பெரியப்பா போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். தெரு முனையில் எல்லோரும் நிற்கிறோம், ஒன்றியச் செயலாளரும் மாலையோடு வந்துகொண்டிருக்கிறார் என்றார். போனை வைத்துவிட்டு வேனின் முகப்பைப் பார்த்தேன். ஓடையைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்குள் வர வேண்டும். அந்தக் கொடியைக் கட்டிக்கொண்டு ஒரு வண்டி அந்த ஓடையைத் தாண்டி வந்ததை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முதல் தடவையாக வருவது பெரியப்பாவின் மகன் கிடக்கும் வண்டி.

டீக்கடைக்காரரிடம் கட்டிங் பிளேயர் கேட்டேன், இல்லை. பல்லாலும் கையாலும் கம்பியைத் திருகினேன். சிவகாசிக்காரன் டீ கிளாஸோடு வந்து பார்த்தான்.

“அதக் கழட்டாதடா. அந்தாளு நேத்துப் பூரா பட்டினியா நின்னான்,” என்றான்.

எனக்குத் தெரியாதா என்று அவன் மேல் விழுந்தேன். உனக்கென்ன, உன் ஊரா, நாளைக்கு அந்தத் தெருவில் நீயா முழிக்கப் போகிறாய் என்று கேட்டேன். அவன் வேனுக்குள் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கம்பி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. ஃப்ளெக்ஸைச் சுருட்டி டிரைவரிடம் கொடுத்தேன். மழைக்கு மேலே போட ஆகும் என்று அவர் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கழற்றியதோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். தெரு முனையில் பெரியப்பா துவைத்த கரை வேட்டி கட்டி நின்றார். மகன் பிணம் வருகிற நாளிலும் கரை வேட்டி. பெட்டியைத் திறந்து காட்டினோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டையாகிப் போன அந்தக் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பெண்கள் அழுகை ஓய்ந்த ஒரு சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எய்யா, நம்ம ஆளுக வந்தாகளா?”

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. தையல் மெஷினைச் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒரே காலையில் இந்த மனுஷனிடமிருந்து மகனையும் எடுத்து, நாற்பது வருஷத்தையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பயமும் பாதி இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“வந்தாக பெரியப்பா. எல்லாம் அவுகதான் பண்ணுனாக,” என்றேன்.

பெரியப்பா முதுகை நிமிர்த்தினார். அப்போதுதான் அழுதார். மாலையோடு வந்திருந்த ஒன்றியச் செயலாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், யாரும் போகவில்லை என்று. ஆனாலும் சுதாரித்துக்கொண்டு, நான்தான் நேற்றே சொல்லிவிட்டேனே என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாலையைப் போட்டார். கட்சிக் கொடியைப் போர்த்தித்தான் அண்ணனைச் சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். சிவகாசிக்காரன் தோள் கொடுத்துவிட்டு, காரியம் முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டான்.

திரும்பி வந்த வாரம், தண்ணீர் லாரிக்காரர் தொட்டியை நிரப்பிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். ஊர்ல சொன்னியா என்று கேட்டார். சொன்னேன்ணே என்றேன். இன்னா சொன்னாங்க என்றார். உங்களை எல்லாரும் கும்பிட்டார்கள் என்றேன். அவர் ஹோஸைப் பார்த்துக்கொண்டு நின்றார், சந்தோஷப்பட்டார் என்றுதான் தெரிந்தது. சிவகாசிக்காரன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு இதைக் கேட்டான். அடுத்த மாதமே வேறு அறைக்குப் போய்விட்டான். ஓட்டை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு, தேர்தல் வந்தால் லாரிக்காரர் கட்சிக்கு பூத்தில் உட்காருகிறான். எதிரில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். அவனும் தெற்கத்திக்காரன், நானும் தெற்கத்திக்காரன். அந்தப் பெண் டேப்லெட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன போட்டிருப்பாளோ தெரியாது.

என் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. மாற்றப் போனால் பெரியப்பாவுக்கு என்ன சொல்வது? இங்கே ஓட்டு இல்லாததால் எந்தக் கட்சிக்காரரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வாசலில் மூன்று வருஷமாகச் சாக்கடை நிற்கிறது. போன தேர்தலுக்கும் ஊருக்குப் போனேன். ரகசியமாகவாவது லாரிக்காரருக்கு நன்றி காட்டலாம் என்று அவருடைய சின்னத்தில் போட நினைத்திருந்தேன். அது ஒரு ஓட்டு, யாருக்குத் தெரியப் போகிறது.

ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் பெரியப்பா என்னைத் தேடி வந்தார். உடம்பு ரொம்ப இளைத்திருந்தார், வேட்டி மட்டும் அதே கரை. தெருவில் இந்தத் தடவை நாலைந்து வீடு ஆடுகிறது, நீ என்கூட வா என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தெருக் கோடியில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. அங்கே இருப்பவள் எனக்கு அத்தை முறை, புருஷன் இல்லாதவள். அவள் மகன் அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால்தான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். பெரியப்பா நோட்டீஸைக்கூடக் கொடுக்கவில்லை. எம் மவனைக் கட்சிதான் கொண்டாந்து சேத்துச்சு, இவன் கூடவே வந்தவன், இவங்கிட்டக் கேட்டுக்க என்றார். அண்ணன் போனதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் இந்தத் தெருவில் இதைத்தான் சொல்லி ஓட்டு வாங்கியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கட்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“எய்யா, எம் பிள்ளையும் அங்கனதான் கெடக்கான். அவனுக்கு ஒன்னுன்னாலும் வருவாகளா?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. கல்யாண மண்டபத்து நாதஸ்வரம் என் காதில் கேட்டது. சொல்லிவிடலாம், இந்த ஒரு வீட்டிலாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“வருவாக அத்தை,” என்றேன்.

அப்பச் சரி, எங்க வீட்டு மூணு ஓட்டும் உங்களுக்குத்தான் என்றாள் அத்தை. பெரியப்பா என் தோளில் கையை வைத்தபடியே அடுத்த வீட்டுக்கு நடந்தார். அந்த வீட்டுப் பையனும் ஒரகடத்தில்தான் இருக்கிறான். பெரியப்பா கதவைத் தட்டிவிட்டு, நான் முன்னால் நிற்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்.